வயல் இல்லாத கமக்காரர்

"வாயைப் பெரிசாத் திறவுங்கோ அம்மா" என்றார் டொக்டர் மயூரன்.

என்னிடம் ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் பகுதியில் என்னைக் கண்டால் எல்லோரும் வாயை மூடச் சொல்லித்தான் கேட்பார்கள்.

கிளிநொச்சிப் பட்டணத்தின் தெற்கு ஓரத்தில், எங்கள் சந்தியில் அப்போதுதான் திறந்திருந்த பல் வைத்திய நிலையம் அது. புதுப் பெயின்ற் மணமும் கராம்பு மணமும் கலந்து அடித்தது. சாய்கதிரையில் என்னை மல்லாத்திப் போட்டு, கடைவாய்ப் பல்லடியில் விறைப்பூசி ஏற்றி, கன்னத்துக்குள் பஞ்சும் அடைத்துவிட்டார். என் நாக்கு எந்தப் பக்கம் கிடக்கிறது என்றே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மனிசன் கதையைத் தொடங்கினார்.

"நீங்கள்தானே கமக்காரர் அமைப்புத் தலைவி? ரெண்டு தரம் வீட்டை வந்தனீங்களாம். என்ர மனிசி சொன்னவா."

"ம்" என்றேன்.

"வாய்க்கால் விசயம்தானே? நான் என்ர பக்கத்தையும் சொல்லிப்போடுறன். காணி வாங்கேக்கை அது காஞ்சுபோய்க் கிடந்தது அம்மா. நான் யாழ்ப்பாணத்து ஆள். எங்கட பக்கம் வீட்டுக்கு முன்னாலை கிடங்கு ஓடினால் அது வெள்ள வாய்க்கால்தான். மண்ணைப் போட்டு நிரப்பி, மேலை கல்லுப் பதிச்சு, கேற் வைச்சன். மழை வெள்ளம் போக மற்றப் பக்கத்தாலை வழியும் விட்டிருக்கிறன். ஆருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை."

"ம்ம்" என்றேன். இது வேறு ம்ம்.

"எனக்கு வயல் இல்லை. வயல் இல்லாத ஆள் ஏன் அம்மா வாய்க்கால் துப்புரவாக்க வேணும்?"

நல்ல கேள்வி. என்னிடம் பதில் இருந்தது. வாயில் பஞ்சும் இருந்தது.

ஒரு வயல், பகுதி நிறையக் கமக்காரர்

போன கிழமை இந்தப் பத்தியில் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியைப் பற்றி நான் எழுதியதற்கு, மண்டபத்துக்காரர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு அவரே வந்து, "எழுதினதுதான் எழுதினியள் அக்கா, மண்டபத்தின்ர பேரையும் போட்டிருக்கலாமே" என்றார். அவருடைய மண்டபம் நிற்கிற இடத்திலிருந்தே இந்தக் கிழமைக் கதையைத் தொடங்குகிறேன்.

எங்கள் பகுதிக்கு வாய்க்கால்கரை என்று பெயர். இரணைமடுக் குளத்திலிருந்து வரும் பெரிய வாய்க்காலில் பிரிந்து, ஒரு சின்ன வாய்க்கால் எங்கள் பக்கம் இறங்குகிறது. என் ஐயாவும் அவரைப் போன்றவர்களும் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தபோது, அந்த வாய்க்காலின் இரண்டு கரையிலும் காட்டை வெட்டி ஆளுக்கொரு வயல் துண்டு கொடுத்தார்கள். நெல், நெல், கண்ணுக்கு எட்டின தூரம் நெல். தண்ணீர் வந்த நாளில் தவளைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் கதைப்பது கேட்காது.

பிறகு என்ன நடந்தது என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சண்டையில் ஓடினோம், திரும்பி வந்தோம். தகரக் கொட்டிலில் இருந்தோம். கொட்டில் கல்வீடானது, புழுதி ரோட்டு தார் ரோட்டானது. பட்டணம் வீங்கி வீங்கி எங்கள் வரம்பு வரைக்கும் வந்துவிட்டது. முதலாவது வயலில் இப்போது ஒரு வங்கி நிற்கிறது. அடுத்ததில் கல்யாண மண்டபம், அதற்கடுத்ததில் ரியூசன் கொட்டகை, பிறகு ஹாட்வெயார், சலூன், மாடி வீடுகள். எங்கள் ஐயாவின் வயலில் இவருடைய, என் வீட்டுக்காரருடைய, ரயர்க் கடை.

வயல் போய்விட்டதே என்று நான் மூக்குச் சிந்தப் போவதில்லை. என் பிள்ளைகள் படித்தது அந்த ரயர்க் கடையால். பின்னேரம் சந்தியில் வெளிச்சமும் சனமும் பார்க்க எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் என்றால் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஆட்களுக்கு, நடந்து போகிற தூரத்தில் பல்லுக்கே வைத்தியர் வந்திருக்கிறார்.

ஆனால் நெல் விதைத்தவர்கள் கூடித் தொடங்கின கமக்காரர் அமைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. வங்கிக் கட்டடத்துக்காரர் உறுப்பினர். சலூன்காரர் உறுப்பினர். ரியூசன் மாஸ்ரர் செயலாளர். ஒரு கூட்டத்துக்கு நான் பிந்திப் போனதால் என்னைத் தலைவியாக்கிவிட்டார்கள். அத்தனை கமக்காரரிலும் வயல் இருப்பது ஒருத்திக்குத்தான். அவள் இராசாத்தி. வாய்க்காலின் கடைசியில், அது முடிகிற இடத்தில், அவளுடைய மூன்று ஏக்கர்.

கோடையில் விதைக்கிற சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்க முதல், ஒவ்வொரு காணிக்காரரும் தன் காணிக்கு முன்னால் ஓடும் துண்டை மண்வெட்டியால் துப்புரவாக்க வேண்டும். அந்தப் பங்கு காணியோடு ஒட்டினது. வயல் இருந்தாலும் ஒன்றுதான், வங்கி இருந்தாலும் ஒன்றுதான். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் வீட்டுக் கிணறுகள் ஏறும் என்று ஒரு சாட்டுச் சொல்வோம். உண்மையில், விட மனம் வராததால் செய்கிறோம்.

இந்த முறை சிறுபோகக் கூட்டத்தில் நீர்ப்பாசன அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார். "ஒரு வயலுக்காக ஒரு வாய்க்கால் அம்மா. திறக்கிற நாளண்டு தலையிலையிருந்து கடைசி மட்டும் துப்புரவாய் இருந்தால் தண்ணி விடுறம். எங்கையாவது அடைபட்டிருந்தால் இந்த வருசத்தோடை நிப்பாட்டி, மேலை சிலாப் போட்டு ரோட்டை அகலமாக்கச் சொல்லிப்போடுவம்."

இராசாத்தி எனக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது சொன்னாள். "தரகரு சீலன் வயலைக் கேட்டு வந்துக்கிட்டே இருக்காருக்கா. மகளும் வித்துரும்மாங்கிறா. தண்ணி திறக்கிற நாளைக்கு வந்து பதிலைக் கேட்டுக்கங்கன்னு சொல்லியிருக்கேன். தண்ணி வரலைன்னா நான் என்னத்தைச் சொல்லி வேணாங்கிறது?"

அவளுடைய தமிழ் பாதி மலையகம், பாதி வன்னி. அவளுக்கு வேறு வருமானம் இல்லாமல் இல்லை, மகள் பார்ப்பாள். ஆனால் வயலை எடுத்துவிட்டால் இராசாத்தி என்று ஒரு ஆள் இல்லை. அது எனக்குத் தெரியும்.

மண் போட்டு மூடி அடைபட்டிருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். டொக்டர் மயூரனின் கேற்றடி.

ஐயா வெட்டின கிணறு

பல்லைப் பிடுங்கிக்கொண்டு கன்னம் வீங்க வீட்டுக்கு வந்தேன். "இண்டைக்குத்தான் வீடு வீடு மாதிரிக் கிடக்கு" என்றார் இவர். கையில் கிடந்த துவாயால் எறிந்தேன். அதற்குத்தான் அன்றைக்குத் தெம்பு இருந்தது.

படுத்துக்கிடந்து, மறுநாள் டொக்டருக்குக் கொடுக்க வேண்டியதை ஒவ்வொன்றாக அடுக்கினேன். படித்த ஆளுக்கு வயல் வாய்க்காலுக்கும் வெள்ளக் காணுக்கும் வித்தியாசம் தெரியாதா. ஒரு வார்த்தை பக்கத்து வீட்டில் கேட்டிருக்கக் கூடாதா. நல்ல சூடான சொற்களாக வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் ஐயா வெட்டின கிணறு ஞாபகத்துக்கு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது.

ஐயா ஊரில் வெங்காயமும் புகையிலையும் போட்டவர். அங்கே ஆறு இல்லை, குளத்துப் பாய்ச்சல் இல்லை. தண்ணீர் என்றால் கிணறு, கிணறு என்றால் தன்னுடையது. இங்கே வந்து வயல் துண்டைக் கொடுத்து, "தண்ணீர் வாய்க்காலால் வரும்" என்றபோது அவர் நம்பவில்லை. எங்கேயோ ஒரு குளத்தில் இருக்கிற தண்ணீர், யாரோ ஒருவர் கதவைத் திறக்க, ஊரார் காணியெல்லாம் கடந்து தன் வயலுக்கு வருமாம். நடக்கிற காரியமா.

அதனால் வயலுக்கு நடுவில் கிணறு வெட்டினார். வன்னி வெயிலில், கல்லோடு மல்லுக்கட்டி, அம்மா மண் சுமந்து வெட்டின கிணறு. தண்ணீர் கண்ட அன்று தேங்காய் உடைத்தார்கள். அடுத்த கிழமை வாய்க்காலில் தண்ணீர் வந்து, வயலை நிரப்பி, வரம்பை மேவி, கிணற்றுக்குள்ளும் விழுந்தது. ஐயா கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். "நல்ல தண்ணிதான்" என்று மட்டும் சொன்னதாக அம்மா சாகும் வரைக்கும் சொல்லிச் சிரிப்பா.

இதே பிழைதான். ஐயா வாய்க்கால் இருக்கக் கிணறு வெட்டினார், டொக்டர் வாய்க்காலை வெள்ளக் காண் என்று மூடினார். பிறகு நான் எந்த வாயால் ஏசுகிறது?

ஞாயிற்றுக்கிழமை நடை

ஞாயிறு காலமை டொக்டரின் கேற்றில் தட்டினேன். பூக்கண்டுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டார்.

"பல்லு நோகுதோ அம்மா?"

"பல்லுக்கு ஒண்டும் இல்லை. ஒருக்கா வாங்கோ, நடந்திட்டு வருவம்."

வாய்க்காலின் தலையிலிருந்து கடைசி வரை அரை மணி நேர நடை. வழியெல்லாம் எதிர்த்துக் கதைத்துக்கொண்டு வந்தார். கெட்டிக்காரர்தான், சும்மா சொல்லக்கூடாது. கல்யாண மண்டபத்தின் குப்பை முழுக்க வாய்க்காலில் கிடக்கிறதே, அதை ஏன் நீங்கள் கேட்கவில்லை என்றார். கேட்டேன் என்றேன், கேட்டது போதாது என்றார். அது சரிதான். வளவுக்கு வளவு கல்லாலும் சிலாப்பாலும் சின்னப் பாலம் போட்டிருந்தார்கள். கீழே தண்ணீருக்கு வழி இருந்தது. டொக்டரின் கேற்றடியில் மட்டும் மண் கட்டியாக இறுகி, மேலே சிவப்பும் சாம்பலுமாகக் கல். அவருடைய கேற்றைக் கடக்கும்போது டொக்டர் நடையைக் கூட்டினார்.

கடைசி மாடி வீட்டின் மதில் முடிந்ததும் வெளி திறந்தது. இராசாத்தியின் வயல். உழுது போட்ட மண் காய்ந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. மூன்று பக்கமும் மதில். நாலாம் பக்கம் பற்றைக்காடு. கொக்கு ஒன்று வேறு போக்கிடம் இல்லாமல் நின்றது.

இராசாத்தி பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்தாள். டொக்டரை யார் என்று நான் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "ஒங்க வூட்டு முன்னாடி பூவு நல்லா இருக்குங்க" என்றாள்.

அவர் குனிந்து ஒரு மண் கட்டியை எடுத்து விரலால் உடைத்தார். பிறகு, "சரி, கல்லைக் கிளப்புறன்" என்றார். "நாளைக்கே கூலிக்கு ரெண்டு பேரைப் பிடிச்சு என்ர துண்டைத் துப்புரவாக்கிவிடுறன். அதோடை முடிஞ்சுதுதானே?"

நானும் இராசாத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கூலிக்கு ஆள் விடக்கூடாதுங்க" என்றாள் இராசாத்தி. "அது எங்கப்பாவால வந்த சட்டம்."

முத்தையா இருந்த கரை

இராசாத்தியின் அப்பா முத்தையா, மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் கலவரத்தில் அடிபட்டுத் துரத்தப்பட்டு, குடும்பத்தோடு எங்கள் பக்கம் வந்து சேர்ந்தவர். காட்டோரத்தில் குடிசை போட்டார். எங்கள் வயல்களில் கூலி வேலை செய்தார். அந்தக் காலத்தில் வாய்க்கால் துப்புரவு என்றால், காணிக்காரர்கள் கரையில் குடை பிடித்து நிற்பார்கள். உள்ளே இறங்குவது முத்தையாவும் அவருடைய ஆட்களும்.

கடைசித் துண்டுக்குத் தண்ணீர் ஒழுங்காக வருவதில்லை என்று அதன் சொந்தக்காரர் வெறுத்துப்போய் ஊருக்குத் திரும்பினார். யாரும் வாங்கவில்லை. முத்தையா வாங்கினார்.

அந்த வருசத் துப்புரவு நாளில் முத்தையா வந்தார். தன் துண்டில் மட்டும் இறங்கி வெட்டினார். முடிந்ததும் கால் கழுவி, கரையில் ஏறி இருந்து வெற்றிலை போட்டார். நான் ஐயாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன்.

"என்ன முத்தையா, இருந்திட்டாய்?" என்று ஒருவர் கேட்டார்.

"என் பங்கு முடிஞ்சிருச்சுங்க."

"கூலியைக் கூட்டித் தாறம், இறங்கு."

"இன்னைக்கு நான் கூலிக்கு வரலீங்க. கமக்காரனா வந்திருக்கேன்."

வெயில் ஏறியது. முத்தையா வெற்றிலையைத்தான் மென்றுகொண்டிருந்தார். கடைசியில் என் ஐயா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள் குதித்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அடுத்தவர். அன்று பின்னேரம் சேறு காயாத காலோடு கரையில் நின்று எல்லோரும் பேசி முடித்ததுதான் சட்டம். வீட்டுக்கு ஒருவர் தானே இறங்க வேண்டும். ஐயாவின் வேட்டி அன்றோடு நிறம் மாறிப்போனது, அம்மா எத்தனை தரம் தோய்த்தும் சரிவரவில்லை.

எனக்கு ஐயாவைப் பற்றி நினைக்க எத்தனையோ இருக்கிறது. மனம் குளிர வைப்பது அந்த வேட்டிதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு டொக்டர் தன் கையை விரித்துப் பார்த்தார். "நான் மண்வெட்டி பிடிச்சதே இல்லை அம்மா. இந்தக் கை நடுங்கினால் என்ர தொழில் போச்சு."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நீலக் கையுறை

துப்புரவு நாள் காலமை வாய்க்காலின் தலையில் எல்லோரும் கூடினோம். சலூன்காரர் கத்தரிக்கோல் பிடிக்கிற கையில் மண்வெட்டி. மண்டபத்துக்காரர் தன் குப்பையை அள்ள, பெட்டி பூட்டின லான்ட்மாஸ்ரர் உழவு மெசினையே கொண்டுவந்திருந்தார். ரியூசன் மாஸ்ரர் வழக்கம்போல் ஆளுக்கு ஆள் வேலை சொன்னார், ஒருவரும் கேட்கவில்லை. டொக்டரைக் காணவில்லை.

எங்கள் துண்டை நான்தான் வெட்டுவது. இவருக்கு முதுகு நோ. சேறும் பிளாஸ்ரிக் போத்தலும் அள்ளி முடிக்க வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, சேற்றுக் காலோடு, டொக்டரின் கேற்றடிக்கு நடந்தேன். இந்தத் தடவை ஐயாவின் கிணறும் என்னைத் தடுக்காது என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கேற்றடியில் கல் எல்லாம் கிளப்பி மதிலோரம் அழகாக அடுக்கியிருந்தது. நடுவில் ஒரு கிடங்கு. கிடங்குக்குள் நெஞ்சளவு ஆழத்தில் டொக்டர் மயூரன். கையில் பல்லுப் பிடுங்கும்போது போடுகிற நீலக் கையுறை. மண்வெட்டியில் கடைக்காரர் ஒட்டின துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"விடிய முதலே தொடங்கிட்டன் அம்மா. கல்லுக் கிளப்பிறது லேசில்லை" என்றார் மூச்சு வாங்க.

"அது சரி, ஏன் இவ்வளவு ஆழம்?"

"வேரோடை எடுக்க வேணும் எண்டு நினைச்சன்."

நான் சிரித்த சிரிப்பில் சலூன்காரர் ஓடிவந்தார், பின்னால் மற்றவர்கள். இந்தக் கிடங்கை விட்டால் வருகிற தண்ணீர் முழுக்க அதற்குள்ளேயே நின்றுவிடும். எல்லோரும் சேர்ந்து பாதியைத் திரும்ப மூடி, ஹாட்வெயார்க்காரர் கொண்டுவந்த பெரிய சீமெந்துக் குழாயை இறக்கினோம். டொக்டரின் காருக்கும் வழி, தண்ணீருக்கும் வழி. கையுறை கிழிந்து, உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது. அடுத்த இரண்டு நாள் பல் வைத்திய நிலையம் பூட்டு.

மத்தியானச் சோறு கரையில். நாயாற்றிலிருந்து வந்த இறாலில் மண்டபத்துக்காரர் குழம்பு வைத்திருந்தார். குழம்பைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் குறை எழுத மாட்டேன்.

கடைசித் துண்டு

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனம் கால்நடையாகப் போகத் தொடங்கின வைகாசி நாட்களில் ஒருநாள் தண்ணீர் திறந்தார்கள். அதிகாரி வாய்க்காலை முழுக்க நடந்து பார்த்துவிட்டுத்தான் திறக்கச் சொன்னார்.

முதல் தண்ணீர் ஆறுதலாகத்தான் வரும். சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிரம்பி, பிறகு நகரும். அதோடு கூட நடப்பது எங்கள் வழக்கம். வங்கியைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி நடந்தோம். டொக்டரின் குழாய்க்குள் தண்ணீர் நுழைந்தது. டொக்டர் குனிந்து மற்றப் பக்கம் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு காய்ந்த இலை எட்டிப் பார்த்தது, அதன் பின்னால் தண்ணீர். அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கடைசி மதில் முடிகிற இடத்தில் இராசாத்தி மண்வெட்டியோடு நின்றாள். சொன்னபடி தரகர் சீலனும் வந்திருந்தார். தன் மோட்டார் சைக்கிளை வரம்பில் விட்டுவிட்டு, அதில் சாய்ந்து நின்றார். தண்ணீர் வயலுக்குள் இறங்குகிற மடை, சரியாக அந்தச் சைக்கிளின் முன் சில்லுக்குக் கீழே இருந்தது.

"அப்ப அக்கா, என்ன முடிவு?" என்றார் சீலன்.

இராசாத்தி எங்களைப் பார்த்தாள். சலூன்காரர், ரியூசன் மாஸ்ரர், மண்டபத்துக்காரர், கையில் பிளாஸ்ரரோடு டொக்டர், நான். ஒருவருக்கும் ஒரு பிடி வயல் இல்லை. அவளுடைய வயலுக்காக இவ்வளவு தூரம் தண்ணீரோடு நடந்து வந்து நின்றோம். தண்ணீர் அவளுடைய காலடிக்கு வந்து, பாதத்தை நனைத்து, மடையடியில் தேங்கியது.

"தம்பி, சைக்கிளைக் கொஞ்சம் அங்கால எடுங்க" என்றாள் சீலனிடம். "மடையைத் திறக்கணும்."

சீலன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். இராசாத்தி ஒரு வெட்டு வெட்டினாள். காய்ந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது.

டொக்டருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அம்மா, அவா விக்கிறாவோ இல்லையோ? அவருக்கு என்ன சொன்னவா?" என்று என்னைக் கேட்டார்.

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ம்" என்றுதான் வந்தது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வயலைப் பார்த்தபடி நின்றேன்.

டொக்டர் என்னைக் குனிந்து பார்த்தார்.

"இண்டைக்கு நான் ஊசி ஒண்டும் போடேல்லையே அம்மா" என்றார்.